செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சிவப்பு

எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் அமைதியான இடம். சேலத்தின் சிவப்பைப் பார்க்க வேண்டுமா? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வாருங்கள். சிவப்புப் புடவை, செவ்வரளி மாலை, குங்குமம் தடவிய எலுமிச்சை... கண் நிறைந்துவிடும்!

போன ஆடியில் பளீரென்ற குங்குமப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் நெற்றி அரித்துத் தடித்துவிட்டது. அம்மா முகர்ந்து பார்த்து, "இது மஞ்சளே இல்ல கண்ணு, வெறும் சாயம்" என்றாள். 2017-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் வகிட்டில் வைக்கும் சிந்தூரப் பொடிகளைச் சோதித்தபோது, பலவற்றில் ஈயமே இருந்ததாம். கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்கும் சகோதரிகள் கவனிக்க!

மறுநாளே இருவரும் பஸ் ஏறி, பேரிலேயே சிவப்பு இருக்கிற செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். லீ பஜார் மஞ்சள் மண்டிகளை மூக்கே காட்டிவிடும். அம்மா கிழங்கை உடைத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம் சேர்த்துப் பிசறி, நிழலில் உலர்த்தினோம். சுண்ணாம்பு பட்டதும் ஆரத்தி சிவக்கிறதே, அந்த மாதிரி கிழங்கும் நாளுக்கு நாள் சிவந்தது. இடித்துச் சலித்தால் அரக்குச் சிவப்பு. கடைச் சரக்கின் பளபளப்பு இல்லை. (வெங்காரம் வாயில் போகக்கூடாது, குழந்தைக்கு இதுவும் வேண்டாம்.)

அப்பா போன பிறகு ஒன்பது வருஷமாய் அம்மா பொட்டே வைப்பதில்லை. சல்லடையைத் தட்டிய கையோடு என் நெற்றியில் வைத்தாள். நானும் அவளுக்கு வைத்தேன்.

"அக்கம்பக்கத்திலே என்ன சொல்வாங்க?" என்றாள். ஆனால் துடைக்கவில்லை. சாயங்காலம் பால்காரர் மணியடித்தபோது அவளேதான் போய்க் கதவைத் திறந்தாள்.