மூன்றில் ஒரு பங்குச் சோழர்

விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பந்தையும் மட்டையையும் எதிர்பார்த்து அன்பர்கள் ஏமாற வேண்டாம். இது நாற்காலியை விட்டு எழாமல் கணினித் திரையில் ஆடும் ஆட்டம். பெயர் 'சிவிலைசேஷன்'. 1991இல் சிட் மையரின் பெயரைத் தாங்கி வெளிவந்த முதற் பாகத்திலிருந்து அதன் கதை ஒன்றுதான்: கி.மு. 4000இல் ஒரு சிறு கூட்டத்தை உங்கள் கையில் ஒப்படைப்பார்கள். ஆற்றங்கரை பார்த்து ஊர் அமைத்து, எழுத்து, சக்கரம், கப்பல், ஆலை என்று படிப்படியாக ஏறி, அந்தக் குடியை விண்கலம் வரை நீங்களே நடத்திச் செல்லலாம். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்லிச் சொல்லியே பொழுது விடிந்த இரவுகள் நம் விடுதியில் பலருக்கு உண்டு. பரீட்சைத் தாள்களைக் கேட்டால் சொல்லும்.

நான் இந்த மயக்கத்தில் விழுந்தது, 2010இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தில். அதில் சோழருமில்லை, பாண்டியருமில்லை. இந்தியா என்றால் காந்தியடிகள், தலைநகர் தில்லி. ஆனால் ஊர்ப் பெயரை மாற்ற வழியுண்டு. விடுவேனா? தில்லியைத் தஞ்சையாக்கினேன். அடுத்தடுத்த ஊர்களுக்கு உறையூர், கொற்கை, நாகப்பட்டினம் என்று பெயர் சூட்டினேன். காந்தியடிகள் தலைமையில் ஒரு தமிழகம்! அன்று தில்லியை இல்லாமலே ஆக்கிய நான், இன்று அதே தில்லியில் மெஸ் சப்பாத்தியை மென்றுகொண்டிருக்கிறேன். அது வேறு கதை.

இப்படியிருக்கையில், ஏழாம் பாகத்தில் சோழர் வருகிறார்கள் என்ற செய்தி எட்டியது. என் மகிழ்ச்சியைக் கேட்கவா வேண்டும்! 2025 பிப்ரவரி 11ஆம் நாள் ஆட்டம் வெளிவந்தது. இரண்டு மாதம் கான்டீன் பக்கமே போகாமல் காசு சேர்த்து வாங்கினேன். சோழர் இருந்தார்கள். 'கலம்' என்ற பெயரோடு கப்பல் இருந்தது. வேவு பார்க்க 'ஒற்று'. மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கட்டினால் ஐந்நூற்றுவர் பேட்டை எழும். தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு. உழைத்துத்தான் செய்திருந்தார்கள், அதை மறைக்கமாட்டேன்.

ஆனால் ஆட்டத்தை மூன்று யுகங்களாகத் துண்டித்துவிட்டார்கள். சோழருக்கு நடு யுகம் மட்டும்! முதல் யுகத்தில் மௌரியராக இருந்துவிட்டுச் சோழரானேன். அரசரும் குடியும் தனித்தனியாம். ஆகவே பெஞ்சமின் பிராங்க்ளின்கூடச் சோழநாட்டை ஆளலாம். அதையும் பொறுத்தேன். கடல் கடந்து கலங்களைச் செலுத்திய வேளையில் யுகம் முடிந்தது. போர் தானாக நின்றது. நகரங்கள் சிற்றூர்களாகச் சுருங்கின. இனி நீ யாராகப் போகிறாய் என்றது திரை. பட்டியலில் முகலாயர் காத்திருந்தனர்.

சரித்திரம் அடுக்கடுக்காக எழுவது என்பது ஆக்கியோர் சொன்ன காரணம். என் அறைத் தோழர் வங்காளி. "சோழர் 13ஆம் நூற்றாண்டில் முடிந்துபோனவர்கள்தாமே? ஆட்டம் உள்ளதைத்தானே சொல்கிறது?" என்றார். உண்மை. 1279க்குப் பின் சோழ மன்னர் இல்லை. முடிந்தது அரச மரபு. அவர்களுடைய குடிகள் பேசிய மொழியிலல்லவா நான் இதை எழுதுகிறேன்! சீனத்துக்கு ஹான், மிங், சிங் என்று மூன்று யுகத்துக்கும் ஆள் வைத்தவர்கள் அவர்களே. அங்கே அரச மரபு மாறினாலும் மக்கள் அவர்களேதாம். இங்கே மௌரியர், சோழர், முகலாயர் மூவரையும் ஒரே நூலில் கோத்துவிட்டார்கள். மூவருக்கும் பொது, வரைபடத்தின் ஒரு மூலைதான். சோழர் இல்லாத ஐந்தாம் பாகத்தில் என் தமிழ்க்குடி விண்வெளி வரை போயிற்று. சோழர் வந்த ஏழாம் பாகத்தில் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டது. இந்த விந்தையை யாரிடம் சொல்லி அழுவது?

வெளிவந்தபோது, ஆட்டம் முடிந்தபின் 'இன்னும் ஒரு முறை' தொடரும் வசதியைக்கூட வைக்கவில்லை, பிறகுதான் சேர்த்தார்கள். ஒரே குடியை இறுதிவரை ஆளும் வழியைச் சோதிப்பதாகவும் அந்த ஆண்டின் பிற்பகுதியில் அறிவித்தார்கள். வரட்டும், பார்க்கலாம்.

அதுவரை என்ன செய்ய? ஐந்தாம் பாகத்தை மறுபடி கணினியில் ஏற்றியிருக்கிறேன். நேற்றிரவு 1900ஐத் தாண்டியாயிற்று. கொற்கைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.