மூலம்னு நினைச்ச ரத்தம்

1/ சங்கரன்கோவில்ல நான் பார்த்த ஒரு நோயாளியைப் பத்தியும், நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தியும் இந்த இழை. கொஞ்சம் நீளம். 45 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ அவருக்கு 36 வயசு. விசைத்தறியில நைட் ஷிப்ட். பீடி, குடி எதுவும் கிடையாது. "மூலம்தான் சார். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருது. ராத்திரி முழிப்புல்லா, உடம்பு சூடு"ன்னாரு. ஆடித்தபசு நேரம், ஓ.பி.யில நல்ல கூட்டம். நான் அவரைப் படுக்க வச்சுப் பார்க்கல. ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

3/ தை மாசம் திரும்ப வந்தாரு. பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ளே போயிருந்துச்சு. இடையில மருந்துக்கடை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் ஆச்சு. ஹீமோகுளோபின் 8. கையுறை போட்டு ஆசனவாயில விரல் வச்சுப் பார்த்தேன். மலக்குடல்ல கெட்டியா, மேடுபள்ளமா ஒரு கட்டி விரல்ல தட்டுச்சு. பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகல.

4/ அந்த ஒரு நிமிஷத்தை ஆடி மாசமே அவருக்குக் கொடுத்திருக்கணும். கூட்டம்னு சொல்றது சாக்கு. "இந்த வயசுல கேன்சரா?"ன்னு என் மனசும் நினைச்சிருக்கு. அதுதான் உண்மை.

5/ இந்த வயசுல வரும். மேலை நாடுகளோட ஒப்பிட்டா இந்தியாவுல குடல் புற்றுநோய் குறைவுதான். ஆனா வர்றவங்கள்ல இளவயசுக்காரங்க நிறைய. அமெரிக்காவுல 1950-ஐ ஒட்டிப் பிறந்தவங்களைவிட 1990-ஐ ஒட்டிப் பிறந்தவங்களுக்குப் பெருங்குடல் புற்று அபாயம் 2 மடங்கு, மலக்குடல் புற்று 4 மடங்கு. அதனாலதான் அங்க 50 வயசுல ஆரம்பிச்ச பரிசோதனையை 2021-ல 45-க்கு இறக்கினாங்க. 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல இதே நோய்ல இறந்தப்போ வயசு 43.

6/ ஏன்? ஒரே காரணம்னு கை காட்ட முடியாது. உடல் பருமன், உட்கார்ந்தே வேலை, மது, புகை, நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்தின இறைச்சி. (எங்க ஊர் பிரியாணியைச் சொல்றேன்னு சண்டைக்கு வராதீங்க!) குடல்ல வாழுற சில பாக்டீரியாக்களோட நச்சு மேலயும் இப்ப சந்தேகம் இருக்கு. ஆனா நம்ம ஆளுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணுமே இல்ல. அதனால "எனக்கெல்லாம் வராது"ன்னு யாரும் இருந்துடாதீங்க.

7/ கவனிக்க வேண்டியது:
• மலத்தில ரத்தம்
• விடாத வயித்துவலி
• வாரக்கணக்கா மாறிப்போன மலப்போக்கு (பேதியோ மலச்சிக்கலோ)
• போயிட்டு வந்தும் முழுசா போகாத உணர்வு
• காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறையுறது

8/ பயப்படாதீங்க, ரத்தம் வர்ற பெரும்பாலானவங்களுக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது பரிசோதனை. நீங்களும் இல்ல, மருந்துக்கடைக்காரரும் இல்ல, பார்க்காமலே எழுதிக் கொடுக்கிற என்னை மாதிரி டாக்டரும் இல்ல. "பார்த்துச் சொல்லுங்க டாக்டர்"னு கேளுங்க. வெட்கப்படாதீங்க. தேவைப்பட்டா கொலனோஸ்கோபி.

9/ அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைகள்ல யாருக்காவது இது வந்திருந்தா, 40 வயசுல கொலனோஸ்கோபி பண்ணணும். இல்லன்னா அவங்களுக்குக் கண்டுபிடிச்ச வயசுக்கு 10 வருஷம் முன்னாடி. இந்த ரெண்டுல எது முதல்ல வருதோ அது.

10/ அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன். வயித்துல பையோட சில மாசம். இப்போ பை எடுத்தாச்சு, பகல் ஷிப்ட்டுக்குப் போறாரு. தொடர் பரிசோதனை இருக்கு. ஆறு மாசம் முன்னாடியே பார்த்திருந்தா இவ்வளவு பட்டிருக்க வேண்டாமோன்னு எனக்குத் தோணும். அவர் ஒரு நாளும் கேட்டதில்ல. நானே சொன்னேன். "விடுங்க சார், நானும்லா மூலம்னு சொன்னேன்"னாரு.

11/ அவர் தம்பிக்கு 31 வயசு. "எனக்கு ஒண்ணும் செய்யலையே"ன்னு தட்டிக் கழிச்சவரை, ரெண்டு மாசம் போன் பண்ணிப் பண்ணி அனுப்பி வச்சேன். ஒரு பாலிப் இருந்துச்சு. அதே மேஜையிலயே எடுத்துட்டாங்க. விட்டிருந்தா, ஏறக்குறைய பத்து வருஷத்துல அதுவே புற்றா மாறியிருக்கலாம்.

12/ இப்போ என் ஓ.பி.யில எவ்வளவு கூட்டம் இருந்தாலும், "மூலம் சார்"னு யார் வந்தாலும், முதல்ல கையுறையைத்தான் எடுக்கிறேன்.