பழைய பாக்கி

புற்றுநோய் என்றால் நம்மிடம் ஒரு கணக்கு உண்டு. 'அஞ்சு வருஷம் தாண்டிட்டா தப்பிச்சாச்சு!' சிறுநீரகப் புற்றுநோய் இந்தக் கணக்குக்கு எப்போதும் கட்டுப்படாது. கிட்னியை எடுத்துப் பத்து, இருபது வருஷம் கழித்துக்கூட நுரையீரல், எலும்பு, கணையம், தைராய்டு என்று எங்காவது தலைகாட்டும்.

கெங்குவார்பட்டியில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. 2004-ல் மதுரையில் இடது கிட்னியை எடுத்தார்கள். அப்புறம் மாந்தோப்பு, மஞ்சளாறு அணைப் பக்கம் காலை நடை என்று மனிதர் அதை மறந்தே போனார். 2021-ல் விடாத இருமல். டி.பி-யாக இருக்கும் என்று தேனிக்குப் போனால், ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி.

"பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்ட டாக்டரிடம், பெரியம்மா ஒரு பழுப்பேறிய தாளை நீட்டினார். ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த, 17 வருஷத்துக்கு முந்தைய பயாப்சி ரிப்போர்ட்! கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதையை அதோடு ஒப்பிட்டபோது விஷயம் புரிந்தது. இது நுரையீரலில் பிறந்த புற்று அல்ல. கிட்னியிலிருந்து அன்றைக்கே ரத்தத்தில் கிளம்பி வந்து, இத்தனை காலம் உறங்கிக் கிடந்தது.

வீட்டில் பெரிய வாக்குவாதம். "அறுபத்தெட்டு வயசுல நெஞ்சைக் கிழிக்கணுமா? பரவிருச்சுன்னா முடிஞ்சுபோச்சுல்ல?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. பரவிய புற்றுநோய்க்குப் பொதுவாகக் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் விதிவிலக்கு. வழக்கமான கீமோதெரபிக்கு இந்த நோய் பெரிதாக அசைவதில்லை. ஆனால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓரிரு இடங்களில் மட்டும் வந்து, அதை முழுசாக வெட்டியெடுக்க முடிந்தால், பலர் பல வருஷம் வாழ்கிறார்கள். தாமதமாக வருவதே ஒரு நல்ல அறிகுறி. பெரும்பாலும் அது மெதுவாக வளரும் ரகம். 1930-களிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு நோயாளிக்குக் கிட்னியையும், புற்று பரவிய நுரையீரல் பகுதியையும் எடுத்தார்கள். பார்னி, சர்ச்சில் என்ற டாக்டர்கள் 1939-ல் அதை எழுதி வைத்தார்கள். அந்த நோயாளி 23 வருஷம் இருந்து, கடைசியில் இதய நோயால்தான் இறந்தார்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணுதானப்பா இருக்கு? எடுத்துரச் சொல்லு" என்றார். எடுத்தார்கள். இதுவரை மறுபடி வரவில்லை. 'குணமாயிருச்சா?' என்று கேட்டால் மட்டும் டாக்டர் தலையாட்ட மாட்டார். 'அடுத்த ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்பார். இனி வந்தால் மாத்திரைகளும் இம்யூனோதெரபியும் இருக்கின்றன. செலவைக் கேட்டால்தான் மூச்சு முட்டுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதோ புற்றுநோய்க்காகக் கிட்னியை எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட்டை வீட்டுப் பத்திரம் மாதிரி பாதுகாத்து வையுங்கள். புதுசாக எந்த டாக்டரைப் பார்த்தாலும், அவர் கேட்காவிட்டாலும், 'இவருக்கு ஒரு கிட்னி இல்லை' என்று முதலில் சொல்லுங்கள். ஏன் இல்லை என்பதையும் சேர்த்து!