பதினான்காம் நம்பர் கட்டில்

ஜூலை 8, திங்கள்

பார்மகாலஜி இன்டர்னல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 75-க்கு 29. மூன்று ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து, ஒரே பாடத்தை மூன்று தடவை படித்துவிட்டு எழுதிய பரீட்சை.

அந்த மதிப்பெண்ணைவிடக் காலையில் வார்டில் நடந்ததுதான் அதிகம் வலிக்கிறது. இதயச் செயலிழப்போடு சேர்ந்திருக்கும் தாத்தா ஒருவருக்கு டிகாக்சின் மாத்திரை கொடுக்கும் நேரம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சிஸ்டர் கேட்டார்: "கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?" அதற்கான வரி புத்தகத்தில் வலது பக்கத்தில், கீழே, ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டதே நான்தான். கோடு போட்ட இடம் கண்ணில் நின்றது, எழுதியிருந்தது வாயில் வரவில்லை.

சிஸ்டர் திட்டவில்லை. தாத்தாவின் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கச் சொல்லி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணவைத்தார். 68. "அறுபதுக்குக் கீழ இருந்தா மாத்திரையை நிறுத்தி வச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லணும். சரியா?" சரி சிஸ்டர். இனி நான் கிழவியானாலும் இது மறக்காது. மூன்று ராத்திரியில் ஏறாதது ஒரு நிமிடத்தில் எப்படி ஏறியது?

ஜூலை 9, செவ்வாய்

பக்கத்து அறையில் இருக்கும் கடைசி வருட அக்காவிடம் போய் அழுதேன். அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, "நேரமே இல்லன்னு சொல்றேல்ல, எங்க போகுதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாரு. அப்புறம் பேசலாம்" என்றார். சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்றும் கொடுத்தார்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதிப் பார்த்துவிட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து குளியலறை வரிசை. ஏழரைக்கு வார்டு, ஒன்றரை வரை. சாப்பாடு. இரண்டரையிலிருந்து நாலரை வரை வகுப்பு. துணி துவைப்பது, மெஸ், எட்டு மணி அட்டெண்டன்ஸ் எல்லாம் போக ஒரு நாளைக்கு எனக்கென்று மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதுவும் சேர்ந்தாற்போல் இல்லை, இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று துண்டுதுண்டாக.

செமஸ்டர் தொடங்கியபோது நான் வண்ணம் வண்ணமாகப் போட்டு ஒட்டிய டைம்டேபிளில் எல்லாமே இரண்டு மணி நேரக் கட்டங்கள். பிளஸ் டூ வரை அப்படித்தான் படித்தேன், அது பலனும் தந்தது. இங்கே ஒன்று இருபதுக்கு ஒரு புது அட்மிஷன் வந்தால் ஒன்றரைக்குக் கிளம்ப முடியாது. கிளம்பவும் கூடாது. வந்து படுப்பவரின் பிரஷரைவிட என் கட்டம் பெரிதில்லை. ஆகவே மாற வேண்டியது டைம்டேபிள்தான்.

நோட்டு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரெக்கார்டு எழுதுகிறேன். வாரம் முழுக்கப் பார்த்த ஆறு பேருக்கான கேர் பிளான்களை ஒரே உட்காரலில் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. ஐந்தாவது ஆளின் முகமே ஞாபகம் இல்லை. அவருக்கு வலி எங்கே இருந்தது, எதைச் செய்தால் குறைந்தது என்று தெரியாமல் தோழியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். இதை இங்கே எழுதும்போது கை கூசுகிறது. அந்த மனிதர் ஆறு மணி நேரம் என் பொறுப்பில் இருந்தவர்.

அக்கா சொன்னது: அன்றைக்குப் பார்த்த நோயாளிக்கு அன்றைக்கே எழுது. நாற்பது நிமிடம் போதும், முகம் மறப்பதற்குள் எழுது.

ஜூலை 17, புதன்

இன்று என் பொறுப்பில் பதினான்காம் நம்பர் கட்டில். சர்க்கரை வியாதியும் காலில் ஆறாத புண்ணும் உள்ள பாட்டி. காலைச் சாப்பாட்டுக்கு முன் பிளெயின் இன்சுலின், 20 யூனிட். சிஸ்டர் குப்பியைக் காட்டி, "முதல்ல இதுல என்ன போட்டிருக்குன்னு படி" என்றார். ஒரு மில்லியில் 40 யூனிட். சிரிஞ்சின் மூடி சிவப்பு, அதுவும் 40-க்கானது. "மூடி ஆரஞ்சா இருந்தா?" அது 100-க்கான சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. இந்தக் குப்பியிலிருந்து என்றால் வெறும் 8 யூனிட். விரல்விட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னேன், சிஸ்டர் தலையசைத்தார். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும் என்று நினைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகியும் பாட்டியின் மகள் இட்லி வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களிடம் பிஸ்கட் கேட்டு வாங்கிப் பாட்டியிடம் கொடுத்தார். மூன்றாவது பிஸ்கட்டில் மகள் வந்துவிட்டார். இன்சுலின் உள்ளே போய்விட்டால் சாப்பாடு காத்திருக்க முடியாது. நேரம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தது என் நேரத்தைப் பற்றி. சிஸ்டர் கைக்கடிகாரத்தில் பார்த்தது பாட்டியின் நேரத்தை.

பிறகு பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டேன், சர்க்கரை எப்போதாவது இறங்கியிருக்கிறதா என்று. "ஏன் கேக்குற, போன தை மாசம். சட்டை நனையுற அளவுக்கு வேர்த்துப்போச்சு ஆத்தா. கையி வெடவெடன்னு நடுங்குது. நெஞ்சு படபடங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்து, எம் மகளையே யாருன்னு கேட்டுட்டேன்." சட்டைப்பை நோட்டில் இடது பக்கம் இதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி புத்தகத்தைத் திறக்காமல், வலது பக்கத்தில் பாட்டி சொன்னதற்கு நேரே ஆங்கிலப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். வேர்வைக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று, குழப்பத்துக்கு ஒன்று. அப்புறம்தான் புத்தகத்தைத் திறந்தேன். பசி, தலைவலி இரண்டும் விட்டுப்போயிருந்தன. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை வாய்வழியாகக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

நான் தமிழ் வழியில் படித்தவள். கணையம் என்றால் எனக்கு அது வயிற்றுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியும், பான்கிரியாஸ் என்றால் ஒரு கணம் நிற்பேன். இத்தனை நாள் தமிழை மறந்தால்தான் இங்கே தேற முடியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நோயாளிகள் சொல்வதெல்லாம் தமிழில்தானே இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வருகிற தங்கைகளுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

முதல் செமஸ்டர் சைக்காலஜி நோட்டைத் தேடி எடுத்தேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. அதற்குக் கீழே மேம் சொன்ன இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் செய்தது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களே முந்தினார்கள்.

பரீட்சைக்கு இதைப் பத்து வரியில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது தடவையாகப் படித்தபோது, எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றியதே, அது இந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

இன்றுமுதல் மஞ்சள் மார்க்கர் பெட்டிக்குள். முந்தின நாள் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி சட்டைப்பை நோட்டில் இருக்கும். குளியலறை வரிசையில், மெஸ் வரிசையில் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பேன். வராத கேள்வி மறுநாளுக்குப் போகும்.

ஜூலை 20, சனி

ஹாஸ்டலுக்கு நடந்து வரும் வழியில் நானும் அறைத்தோழியும் டிரிப் கணக்கு போடுகிறோம். 500 மில்லி, 4 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். பத்தாயிரத்தை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கடிகார முள்ளைப் பார்த்துக் கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று விழ வேண்டும். கேட் வருவதற்குள் நாலு கணக்கு முடிந்துவிடுகிறது. தப்பாகச் சொன்னவர் மறுநாள் கணக்கு கொடுக்க வேண்டும். நாளைக்கு நான்.

ஜூலை 24, புதன்

நைட் டூட்டி முடித்து வந்த அக்கா புத்தகத்தைத் தொடவில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டுப் படுத்தார். பரீட்சை நெருங்குகிறதே என்றேன். "தூக்கம் கெட்டுப் படிச்சா படிச்சதும் நிக்காது, மறுநாள் மருந்து கொடுக்கிற கையும் நடுங்கும்" என்றார். நானும் சில நாளாகப் பதினோரு மணிக்கு விளக்கை அணைக்கிறேன். முதல் இரண்டு நாள் குற்ற உணர்வாக இருந்தது.

ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை போன் அலமாரியின் மேல்தட்டில். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒன்பதுக்கு அம்மாவிடம் பேசலாம் என்பதால் முடிகிறது.

ஜூலை 28, ஞாயிறு

கேர் பிளான்களை அன்றன்றே முடித்துவிட்டதால் இன்று ஞாயிறு முழுவதும் என் கையில். காலையில் வாரத்தின் கேள்விகளைத் திரும்பப் பார்த்தேன். முப்பதில் இருபத்திரண்டு வந்தது. மதியம் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கினேன்.

ராத்திரி அம்மா போனில். வழக்கம்போல "சாப்பிட்டியா", "என்ன படிச்ச". பிரஷர் மாத்திரைகள் என்றேன். அம்மாவும் ஒன்றரை வருடமாகப் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "எந்த மாத்திரைம்மா, அட்டையில எழுத்துக்கூட்டிப் படி." அம்லோடிபின். இந்த வாரம் என் நோட்டில் இருந்த மருந்து அது. இரத்தக் குழாயைத் தளர்த்தி விடும், அதனால் பிரஷர் இறங்கும் என்று அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொன்னேன். வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலை அகலப்படுத்துவதுபோல என்றேன். எந்த இடத்தில் என் விளக்கம் தடுக்கியது என்பது எனக்கே கேட்டது.

"அது சரி, இந்தக் கணுக்காலு ரெண்டும் சாயங்காலமானா வீங்கிக்கிதே, அதுக்கு என்ன மாத்திரை?" என்றார் அம்மா.

பக்க விளைவுகள் பட்டியலில் நாலாவதோ ஐந்தாவதோ இருந்த வார்த்தை. இன்று காலையில்தான் பார்க்காமல் சொல்லிப் பார்த்தேன். எத்தனை நாளாக வீக்கம், காலையில் வடிகிறதா, மூச்சு வாங்குகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். மூச்சு வாங்கவில்லை. இரண்டு மாதமாக இருக்கிறதாம். வேலை செய்து நிற்பதால் வருகிறது என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

இந்த மாத்திரையாலும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். நீயாக நிறுத்திவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன். நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போகச் சம்மதித்திருக்கிறார். நாளைக் கூலி போகும் என்பதுதான் வருத்தம்.

சட்டைப்பை நோட்டில் நாளைய ஐந்து கேள்விகளுக்கு மேலே எழுதியிருக்கிறேன்: ஒன்றரைக்கு வார்டு முடிந்ததும், சாப்பிடுவதற்கு முன், அம்மாவுக்குப் போன்.