கூட்டாஞ்சோறா, கட்டுச்சோறா?

பண்டிகை விடுமுறையில் ஆளுக்கோர் உணவு சமைத்து வந்து பகிர்ந்துண்பதைக் கூட்டாஞ்சோறு என்பர் சிலர். அப்பெயர் முற்றும் பொருந்தாது. கூட்டாஞ்சோற்றில் எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேகும். இவ்விருந்திலோ அவரவர் அடுப்பில் வெந்தவை ஓரிடத்தில் கூடுகின்றன. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் செல்லும் கட்டுச்சோறே இதற்கு நெருங்கிய உறவு.

அந்தமான் நிகோபார் தீவுகளில் இவ்வுறவு இன்னும் துலங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வங்காளம் ஏறத்தாழ 28, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காட்டினரின் தாய்மொழி. எதற்கும் பெரும்பான்மை இல்லை. அத்தகைய பந்தியில் எவர்க்கும் அயலாகாதவை சோறும் தேங்காயும். காய்கறியில் ஒரு பங்கு கப்பலேறி வரவேண்டும். தேங்காயோ தீவிலேயே விளைகிறது.

தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலைச் சிவக்காமல் புரட்டி, உதிரியாக வடித்து ஆறிய சோற்றில் கிளறினால் கால் மணி நேரத்தில் தேங்காய்ச்சோறு ஆயத்தம். புழுக்கத்தில் தேங்காய் விரைவில் கெடும். ஆகவே புறப்படும் வேளையில் கிளறுவதே முறை. காலையில் சமைத்து மாலையில் உண்பதெனில் புளிச்சோறே தாங்கும். நேரமில்லையென்று பந்திக்கு வராதிருப்பதினும் இவ்வெளிய சோற்றோடு வந்து அமர்வது மேல்.