உள்ளக் கணக்கு

அலுவலகத்தில் பிறர் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். இரவில் உறங்குமுன் என் உள்ளத்தின் கணக்கைச் சரிபார்ப்பது கத்தோலிக்கத் திருச்சபை கற்றுத்தந்த வழக்கம். அதனை ஆன்ம சோதனை என்பர்.

கோப்பு நகர்வதற்குக் கைநீட்டுதலைக் குற்றமென எண்ணாதார் இன்று பலர். மகளின் கல்லூரிக் கட்டணம் நெருங்குங்கால் அவர்தம் சொல் செவிக்கு இனிக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். கத்தோலிக்கர், முன்சீப்பாகப் பணியாற்றியவர், 1859இல் வெளிவந்த தம் நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்தவர். தூய வாழ்வு துறவியர்க்கு மட்டுமன்று, அரசுப் பணியாளனுக்கும் கைகூடும் என்பதற்கு அவர் சான்று.

இவ்வாண்டு சேமநிதியில் முன்பணம் பெற்றே கட்டணம் செலுத்தினேன். அன்றிரவு இறைவன்முன் கணக்கு ஒப்புவிக்க நாக் கூசவில்லை.

அன்பர்களே, காலம் கெட்டதென வருந்துமுன், இன்று என் கை தூயதா என ஒவ்வொருவரும் வினவுவோமாக.