ஜவ்வாது மலையில் ஒரு பிடி உமி

கோடை விடுமுறை வந்துவிட்டால் உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஊட்டியா, கொடைக்கானலா?" இரண்டும் வேண்டாம். இந்தத் தடவை ஜவ்வாது மலைக்குப் போய் வாருங்கள்.

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். வழியில் காவலூர். அங்கேதான் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-ல் பெயர் சூட்டப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம்! வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்பதால்தான் விஞ்ஞானிகள் இந்த மலையைத் தேடி வந்தார்கள்.

அப்புறம் ஜமுனாமரத்தூர். ஏரியில் படகு, பீமன் அருவியில் குளியல். குழந்தைகளுக்கு இவை போதும். நீங்கள் மட்டும் சற்று ஒதுங்கி ஊருக்குள் போய்ப் பாருங்கள்.

இங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! பேசுவது நம் தமிழ்தான். சாமை, புளி, பலா, தேன் இவைதான் அவர்களுடைய சொத்து. சாமையை உரலில் குத்தி முறத்தில் புடைத்துப் பார்த்தால் தெரியும், பெண்கள் படும் பாடு. இவ்வளவு பாடுபட்டும் நூறு கிலோவுக்கு அறுபது, எழுபது கிலோ அரிசிதான் தேறும். மீதியெல்லாம் உமியும் தவிடும்.

தவிடு மாட்டுக்கு ஆகும். உமியை என்ன செய்வது? லாரியில் ஏற்றினால் இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது. வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாது. குவித்துக் கொளுத்தினாலோ புகைதான் மிச்சம்.

அந்த உமியிலிருந்து எண்ணெய் வடிக்கலாம் என்றால் சிரிப்பீர்கள். "தவிட்டு எண்ணெய் கேள்விப்பட்டிருக்கிறோம். உமியில் ஏது எண்ணெய்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. உமியில் எண்ணெய் இல்லை. சூடுதான் அதை உண்டாக்குகிறது.

உங்கள் பாட்டி காலத்துச் சிரட்டைத் தைலம் ஞாபகமிருக்கிறதா? உடம்பில் படை வந்தால் தடவுவார்களே, அதுதான். அடியில் துளையிட்ட பானைக்குள் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு, வாயை மூடிச் சீலைமண் பூசி, குழிக்குள் இருக்கும் பாத்திரத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் வறட்டியை மூட்டுவார்கள். கறுப்பாகத் தைலம் சொட்டும். குழித்தைலம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பானைக்குள் காற்று இல்லாததால் சிரட்டை எரிந்து சாம்பலாவதில்லை, வெந்து ஆவியாகிறது. ஆவி குளிர்ந்தால் தைலம்.

இன்றைய விஞ்ஞானிகள் இதற்கு 'பைராலிசிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாக உலர்ந்த பொடியைக் காற்றில்லாத உலையில் சுமார் 500 டிகிரி சூட்டில் நொடிப்பொழுதில் வேகவைத்து, ஆவியை உடனே குளிர வைக்கிறார்கள். மரத்தூள் போன்ற நல்ல சரக்கானால் எடையில் 60 முதல் 75 சதவிகிதம் வரை எண்ணெய் கிடைக்கும். உமியில் சாம்பல் சத்து அதிகம். அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. மிஞ்சும் கரியை வயலுக்கு இடலாம். கூடவே வரும் வாயுவை அதே உலைக்குக் கீழே எரிக்கலாம். சாமை உமிக்கு மட்டுமல்ல, புளியம்பழத்து ஓட்டுக்கும் இதே வழிதான்.

உடனே ஒரு புட்டி வாங்கிவரக் கிளம்பிவிடாதீர்கள்! இது தாளிக்கவும் ஆகாது, விளக்குக்கும் ஆகாது. புகை நாற்றம், புளிப்பு, இரும்பை அரிக்கும். நாலில் ஒரு பங்கு தண்ணீர்கூட இருக்கும். எடைக்கு எடை டீசல் தரும் சூட்டில் பாதிகூடத் தராது. கொதிகலனிலும் சூளையிலும் எரிப்பதற்குத்தான் லாயக்கு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1923-ல் பத்ராவதியில் மைசூர் இரும்பு ஆலை தொடங்கியபோது, மரத்தை இப்படி மூடிய உலையில் வேகவைத்துத்தான் கரி எடுத்தார்கள். தாரும், மெதில் ஆல்கஹாலும் உபரியாகக் கிடைத்தன. கெட்டிக்கார வேலைதான், ஆனால் அந்த உலைக்குத் தீனி காட்டு மரம்! ஜவ்வாது மலைக்கோ மரம் போன கதை புதிதல்ல. இங்கே செழித்திருந்த சந்தனத்துக்கு என்ன நேர்ந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

ஆகவே இந்த மலைக்கு இப்படி ஓர் உலை வருவதானால் அது சின்னதாக இருக்க வேண்டும். பெரிய உலைக்கு உமி போதாது. பசித்தால் அது காட்டைப் பார்க்கும். மலையில் குவியும் உமிக்கு ஏற்ற அளவே உலைக்கு அளவு. அதற்கு முன்னால் சாமையை மலையிலேயே இயந்திரத்தில் உடைக்க வேண்டும். பெண்களின் தோள்வலி குறையும். அரிசியாக விற்றால் விலையும் கூடும். உமியும் அவர்கள் கையிலேயே நிற்கும். சாமையை அப்படியே மூட்டை கட்டிக் கீழே அனுப்பினால், அரிசியின் லாபத்தோடு உமியும் அல்லவா மலை இறங்கிவிடுகிறது?

திரும்பி வரும்போது இரண்டு படி சாமை வாங்கி வாருங்கள். பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் அருமையாக இருக்கும். வாங்கும்போது, "கல் இல்லையே?" என்று கேட்பீர்கள் அல்லவா? அதோடு, "இது எங்கே உடைத்தது?" என்றும் கேட்டுவிடுங்கள். "இங்கேதான் அம்மா, மலையிலேயே" என்று பதில் வந்தால் பேரம் பேசாமல் காசைக் கொடுங்கள்.